கூச்சம் யாருடையது?

கல்யாண மண்டபம். பந்திக்குக் கிளம்பும் நேரம். எதிரே வந்த பெரியவர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்!"

இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வேர்த்துவிடுகிறது. அப்பா வழியா, அம்மா வழியா? மாமாவா, பெரியப்பாவா? முறையை மாற்றிச் சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிடும். "தெரியுமே..." என்று இழுக்கிறான். "அப்ப சொல்லு!" பக்கத்தில் நிற்கும் நாலு பேர் சிரிக்கிறார்கள். அம்மா எங்காவது தென்படுகிறாளா என்று தேடுகிறான். அவள் தாம்பூலப் பை கொடுக்கும் மேசையில் மும்முரமாக இருக்கிறாள். கடைசியில் பெரியவரே இரக்கப்பட்டு, "உன்னைத் தூக்கி வளத்தவன்டா நானு, மறந்துட்டியே!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்கிறார்.

அவர் மனதில் இருந்தது பாசம்தான். ஆனால் அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்க முடிகிறது என்று கொஞ்சம் பாருங்கள். அதே பையன் அதே பெரியவரை மறித்து, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட முடியுமா? கேட்டால் அது திமிர். பெரியவர் கேட்கலாம், சிறியவர் திணற வேண்டும். இதை நாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

அன்றாடம் நடக்கும் இப்படிப்பட்ட சங்கடங்களை ஆளின் குணமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். "அவன் கூச்ச சுபாவம்", "அவளுக்கு நாலு பேரோட பழகத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். ஆளுமைப் பயிற்சி, மேடைப் பேச்சு வகுப்பு, யூடியூப் அறிவுரை எல்லாமே கூசுகிறவருக்குத்தான். கூசவைக்கிறவருக்கு எந்த ஊரிலும் வகுப்பு நடப்பதில்லை. கூச்சம் இரண்டு பேருக்கு நடுவில் உண்டாகிறது. அதை யார் தலையில் ஏற்றுவது என்பதை வயதும் பதவியும் பணமும் சாதியும் தீர்மானிக்கின்றன. அதைக் குறைக்கும் வசதியும் பெரும்பாலும் மேலே இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

ஷெட்லாந்திலிருந்து கோவைக்கு

இந்தச் சங்கடத்தை ஒரு ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் எர்விங் காஃப்மன். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் 1949 முதல் 1951 வரை தங்கி, மனிதர்கள் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் விதத்தைப் பார்த்தார். அங்கிருந்த ஓட்டலில் வேலை செய்தவர்கள் சமையலறையில் எப்படி நடந்துகொண்டார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு விருந்தினர் முன்னால் போனதும் எப்படி மாறினார்கள் என்பதையெல்லாம் குறித்துவைத்தார். 1956-ல் சங்கடத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் சங்கடப்படும்போது எதிரில் இருப்பவரும் கூடவே நெளிகிறார் என்பது அதில் அவர் காட்டிய முக்கியமான விஷயம். பெரிய அதிகாரியும் சாதாரண ஊழியரும் சாப்பாட்டு வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்க நேர்ந்தால் என்ன ஆகிறது? மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும்போது இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியும். கையில் தட்டோடு நிற்கும்போது தெரிவதில்லை. அப்படியானால் கோளாறு அந்த இருவரில் ஒருவரிடம் இருப்பதாக எப்படிச் சொல்வது?

காஃப்மனின் சிந்தனையைப் பிடித்துக்கொண்டு முன்னே போனவர்கள் பெனலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். மரியாதையான பேச்சு எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி இவர்கள் 1978-ல் வெளியிட்டு, 1987-ல் தனி நூலாக வந்த ஆய்வு உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிப்பது. அந்த ஆய்வு மூன்று மொழிகளின் மேல் நிற்கிறது. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவில் மாயா மக்கள் பேசும் செல்டால். மூன்றாவது தமிழ், கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிக் கேட்ட தமிழ். ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன் நம் மனது மூன்று கணக்குப் போடுகிறது என்றார்கள் அவர்கள்: இவர் எனக்கு எவ்வளவு நெருக்கம், என்னைவிட எவ்வளவு மேலே, நான் கேட்கப்போவது எவ்வளவு பெரிய தொந்தரவு.

இந்தக் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கொடுத்த கைமாற்றைத் திருப்பிக் கேட்கும் ஒருவரைக் கவனித்தால் போதும். "அண்ணே, எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பையன் இப்ப என்ன பண்றான்?" பையன் ப்ளஸ் டூ எழுதியிருக்கிறான், நீட் பயிற்சிக்குப் போகிறான், மழை வேறு சரியாக இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான், "ஒண்ணுமில்லண்ணே... தப்பா எடுத்துக்காதீங்க... இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்கு." பணம் இவருடையது. வாங்கியவர் சொன்ன தவணை தாண்டி ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் குற்றம் செய்தவர் போலக் குரலைத் தாழ்த்துகிறவர் இவர்தான். இதுவாவது பரவாயில்லை. வாங்கியவர் அக்கா வீட்டுக்காரர் என்றால் தவணை என்ற பேச்சுக்கே இடமில்லை. மாப்பிள்ளையிடம் பணம் கேட்பதாவது! வாட்ஸ்அப்பில் நாலு தடவை டைப் செய்து நாலு தடவையும் அழித்துவிட்டு, கடைசியில் ஒரு குட் மார்னிங் பூங்கொத்தை அனுப்பிவைக்கிறோம்.

மொட்டை மாடியில் பத்து நிமிடம்

பெண் பார்க்கும் சடங்கு பல வீடுகளில் மாறியிருக்கிறது. முன்பு காபித் தட்டை ஏந்தி வந்து, நமஸ்காரம் செய்து, ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்வதோடு முடிந்தது. இப்போது பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பிறகு யாராவது ஒரு மாமா, "அவங்க ரெண்டு பேரும் மாடில போய் தனியா பேசிட்டு வரட்டுமே" என்பார். இரண்டு குடும்பமும் தாங்கள் எவ்வளவு முற்போக்கு என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்ளும்.

மாடியில் சின்டெக்ஸ் டேங்க். கொடியில் காயும் துணியில் வீட்டு ஆட்களின் உள்ளாடைகளும் இருக்க, அந்தப் பக்கம் திரும்பாமல் நிற்க இரண்டு பேரும் பாடுபடுகிறார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் தம்பியின் தலை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. "உங்க ஆபீஸ் எங்க?" "ஓ.எம்.ஆர்." "டிராஃபிக் அதிகம் இல்ல?" "ஆமா." வாழ்நாள் முழுதும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறோமா என்று முடிவெடுக்க வேண்டிய பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் சோழிங்கநல்லூர் சிக்னலுக்குப் போய்விடுகிறது.

இருவரும் அதே அளவுக்குத்தான் தவிக்கிறார்கள். ஆனால் கீழே இறங்கி வந்ததும் கணக்கு வேறாகிவிடுகிறது. பையன் தலையைக் குனிந்தபடி வந்தால் "பையன் ரொம்ப சாது" என்று மதிப்புக் கூடுகிறது. பெண் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினால், "பொண்ணு ரொம்ப ஓப்பனா பேசுது" என்று மாப்பிள்ளையின் அத்தை காரில் போகும்போது சொல்கிறார். கூச்சப்படாதது அவள் பங்கில் ஒரு குறையாக எழுதப்படுகிறது. அதே பெண் மறுநாள் அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருந்தால், தன்னம்பிக்கை போதவில்லை என்று மேலாளர் குறிப்பு எழுதுவார். வீட்டில் கூசு, வெளியில் கூசாதே என்று இரண்டு கட்டளைகளை ஒரே ஆள் தலையில் வைப்பது அநியாயம்.

மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. தான்யா ஸ்டைவர்ஸ் தலைமையிலான அந்தக் குழுவில் லெவின்சனும் இருந்தார். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், சராசரி ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி. கண் இமைக்கும் நேரம்தான். அது கொஞ்சம் நீண்டாலே மனதுக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. போனில் நாம் "அப்புறம்...", "வேற என்ன விசேஷம்" என்று ஓட்டையை அடைப்பது அதனால்தான். பேச்சை முடிப்பதும் லேசில்லை. ஆடம் மாஸ்ட்ரோயன்னி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாம் பேசும் அரைமணி நேரத்தை அவர்கள் பார்த்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார்கள்.

சாவு வீட்டில் என்ன பேசுவது?

எல்லாச் சங்கடத்தையும் தனி ஆள் தலையில் விட்டுவிட்ட சமூகம் இல்லை நம்முடையது. மிகக் கடினமான ஓரிடத்தில் நம் பெரியவர்கள் அருமையான ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். அது சாவு வீடு.

தென் மாவட்டங்களில் பல ஊர்களில், துக்க வீட்டுக்கு வருகிற ஆண்கள் வாசலில் வரிசையாக நிற்கும் பங்காளிகளிடம் இரண்டு கையையும் நீட்டுவார்கள். அவர்கள் அந்தக் கைகளைத் தொட்டுக்கொள்வார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அடுத்தவர் கை, அதற்கடுத்தவர் கை. பிறகு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். உள்ளே பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒப்பாரி தெரிந்தவர் சொல்லெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வேறெந்த இடத்திலும் மரியாதைக் குறைவாக எண்ணப்படுவது இங்கே மரியாதையாக இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது, எப்போது கிளம்புவது, என்ன சொன்னால் தப்பாகாது என்ற மூன்று கவலைகளையும் வழக்கமே வாங்கிக்கொண்டுவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு மரணம் என்றால் நாம் தவிக்கும் தவிப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது, அந்த வீட்டுப் பையனிடம் என்ன கேட்பது, எதுவும் தெரியாமல் "எப்படி ஆச்சு?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஏற்கெனவே ஐம்பது பேருக்குச் சொன்ன ஆஸ்பத்திரிக் கதையை அந்தப் பையன் ஐம்பத்தோராவது தடவை சொல்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். ஆனால் அது இங்கே வழக்கம் இல்லையே என்ற கூச்சம் தடுக்கிறது.

எந்தத் தெரு?

வழக்கத்தை இதோடு புகழ்ந்துவிட்டு நிறுத்த முடியாது. அதே வழக்கம்தான் கூச்சத்தைக் கீழே தள்ளிவிடும் வேலையையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது. கோவைக் கிராமத்தில் லெவின்சன் செய்த ஆய்வு 1977-ல் பெர்க்லியில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. யார் யாரை 'நீ' என்றார்கள், யார் யாரை 'நீங்க' என்றார்கள் என்பதைச் சாதிகளுக்கு இடையே வைத்துப் பார்த்த ஆய்வு அது. வயதுக்கு மரியாதை தரும் ஊர் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்கிறோம். பண்ணை வீட்டுப் பொடியன் எழுபது வயதுக் கூலிக்காரரை "டேய்" என்று கூப்பிட்டதும், அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு பதில் சொன்னதும் இதே தமிழ்நாட்டில்தான்.

துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறிவிட்டது. சாதியைக் கேட்கும் கேள்விதான் வேறு வேடத்தில் வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞனிடம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு இப்படிப் போகும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரத்துல எங்க?"

"பக்கத்துல ஒரு கிராமம் சார்."

"கிராமத்துல எந்தப் பக்கம்? கோயில் தெருவா?"

"..."

"குலதெய்வம் எது உங்களுக்கு?"

கேட்கிறவர் சகஜமாக மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாளை இந்த மேசையில் இடம் இருக்குமா, வாடகை வீட்டுக்கு இவர் சிபாரிசு செய்வாரா என்று அவன் மனம் ஓடுகிறது. பொய் சொன்னால் அப்பா அம்மாவை மறைத்ததாக ஆகிறது. அவன் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்துவிடுகிறான். மேசையில் மிச்சம் இருப்பவர்கள், "நல்ல பையன்தான், ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறான்" என்கிறார்கள். அவனைப் பற்றி அலுவலகம் எழுதிவைத்த முதல் குறிப்பு அதுவாகிவிடுகிறது. கூச்ச சுபாவம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் எத்தனை பங்கு இப்படி அடிபட்டவர்களின் தற்காப்பு என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனத்துப்போகிறது. அந்த மேசையில் கூச வேண்டியவர் கேட்டவர்தான்.

பல வருடங்களாக வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை ஒருநாள் திடீரென்று "சோபாவில உக்காருங்க" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நல்ல மனது. ஆனால் அவர் "இருக்கட்டும்மா, இதுதான் எனக்கு வசதி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். தனக்கென ஒதுக்கிய டம்ளர் ஜன்னலோரம் தனியாக இருக்கும்வரை சோபா அவருக்கு முள்ளாகத்தான் இருக்கும். முதலில் டம்ளரை மாற்ற வேண்டும். பிறகு வீட்டு அம்மாவும் தரையில் இறங்கி உட்கார்ந்து ஒரு காபி குடித்தால், சோபாவுக்குக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

கூச்சம் நோயாகும்போது

சமூகம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் நிஜமாகவே வதைபடுகிறவர்களைக் கைவிடக்கூடாது. தெரியாதவர் முன் சாப்பிட முடியாது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும், நாளை நடக்கப்போகும் ஒரு கூட்டத்துக்காக இன்றிரவு தூக்கம் போகும், அதற்குப் பயந்து வேலையையே விட்டுவிடுவார்கள். இது மாதக்கணக்கில் நீடித்து வாழ்க்கையை முடக்கினால் அது சமூகப் பதற்றம் என்ற மனநலச் சிக்கல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் 1980-ல் இது தனி நோயாக இடம்பெற்றது. பேச்சுவழி சிகிச்சையும் மருந்தும் பலருக்கும் நல்ல பலன் தருகின்றன. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். நேரில் முகம் காட்டத் தயங்குகிறவருக்கு அந்த எண் ஒரு நல்ல வாசல்.

நோய் அளவுக்குப் போகாதவர்களுக்கும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் சகாக்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2000-ல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்கள் போட்டுக்கொள்ள வெட்கப்படும் ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நாம் உளறியதை நினைத்து நாம்தான் இரவெல்லாம் புரள்கிறோம்; கேட்டவர்களில் பலர் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஆறுதல் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. கார்னெல் மாணவன் சட்டையைக் கழற்றிவிட்டால் முடிந்தது. கழற்ற முடியாததைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. தமிழ் வழியில் படித்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி பார்க்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைவது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காட்சி. உள்ளே நுழைந்த பிறகு என்ன ஆகிறது? மேசையைச் சுற்றி நிற்கும் இருபது பேரில் பதினைந்து பேர் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். பேராசிரியர் ஓர் எலும்பைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் கேட்கிறார். அப்படி வந்த ஒரு பையனுக்கு விடை தெரியும். நேற்றிரவு முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு அதைத்தான் படித்தான். வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து மாணவி சொல்லிவிடுகிறாள். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அவன் பின்வரிசைக்குப் போய்விடுகிறான். கேன்டீனுக்குக் கும்பலாகப் போவதை நிறுத்துகிறான். வாய்மொழித் தேர்வில் "எஸ் சார்", "நோ சார்" என்பதற்கு மேல் வருவதில்லை.

அவை அஞ்சாமைக்குத் திருக்குறளில் தனி அதிகாரம் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம் அவை அறிதல். பேசுகிறவன் அவையை அறிய வேண்டும் என்பது சரிதான். அவையும் பேசுகிறவனை அறிய வேண்டாமா? எங்கிருந்து வந்திருக்கிறான், என்ன தெரிந்துவைத்திருக்கிறான், அவன் நாக்கைக் கட்டிப்போட்டிருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு அந்தக் கூடத்தில் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் அதிகம். அப்படித் தெரிந்து நடக்கிற ஆசிரியர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்கள் முப்பது வருடம் கழித்தும் அவர்கள் பெயரைச் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் அந்தப் பையனைப் பார்த்து முதல் கேள்வியைத் தமிழில் கேளுங்கள், சார். "இந்தக் காறை எலும்பு முறிஞ்சா கை என்ன ஆகும், சொல்லுப்பா." அவன் சொல்வான். ஆங்கிலப் பெயர்கள் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அவன் டாக்டராகி ஓ.பி.யில் உட்காரும்போது, சீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எதிரே ஓர் அம்மா நிற்பார். வெள்ளைப்படுதலையோ மார்பில் இருக்கும் கட்டியையோ மாதக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவராக இருக்கலாம். அதை அவர் தமிழில்தான் சொல்லப்போகிறார், அதுவும் இவன் முதலில் "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலைக் காட்டினால்.